பாராதோர் வழங்கிய தீர்ப்பு: குறைந்த செலவுத் திகிற்படங்களும் அவற்றின் பார்வையாளரும்

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நெறியாளரின் பெயரையும் படம் வெளிவந்த ஆண்டையும் கொண்டே அதனை வகுத்துச் செல்வர். அப்படத்தை எவர், எங்கே, எவருடன் அமர்ந்து பார்த்தனர், பார்த்தபின் என்ன பேசினர் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. உயர்ந்தவை எனக் கொள்ளப்படும் படங்களைப் பொறுத்தவரை இக்குறை அவ்வளவாகப் புலப்படுவதில்லை. அவற்றுக்கு விமர்சகர் உண்டு, விழாக்கள் உண்டு, பல்கலைக்கழக வகுப்பறையும் உண்டு. குறைந்த செலவில் தயாரிக்கப்பட்ட திகிற்படங்களுக்கோ நெடுங்காலம் பார்வையாளரைத் தவிர வேறு துணை இருக்கவில்லை. ஆதலின் அவற்றின் வரலாறு பார்வையாளரின் வரலாறாகவும் அமைந்துவிடுகின்றது.

இப்படங்களைத் தரக்குறைவானவை என ஒதுக்குதல் எளிது. அவற்றுட் பல உண்மையிலேயே தரக்குறைவானவைதாம். ஆயினும், 1980களின் முற்பகுதியில் பிரித்தானியாவில் இவற்றின் ஒளிநாடாக்களை வாடகைக்கு விட்ட சிறு கடைக்காரர் நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டனர்; நாடாக்கள் பறிமுதல் செய்யப்பட்டன; இவற்றின் பொருட்டுப் பாராளுமன்றம் ஒரு புதிய சட்டத்தையே இயற்றியது. அச்சட்டத்துக்காகக் குரலெழுப்பியோருட் பெரும்பாலோர் அப்படங்களை முழுமையாகப் பார்த்தவரல்லர். ஒரு சமூகம் தான் அறியாத ஒன்றைக் கண்டிக்கும்போது எத்தகைய சான்றுகளைக் கைக்கொள்ளுகின்றது என்பதை ஆராய்வதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. இந்நோக்கிலேயே அமெரிக்காவில் இப்படங்கள் தோன்றி வளர்ந்த வரலாறும், பிரித்தானியாவில் அவை பெற்ற தீர்ப்பும் இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

அரங்குகளும் அவற்றை நிரப்பியோரும்

இவ்வரலாற்றின் பொருளாதார அடிப்படை 1948ஆம் ஆண்டில் இடப்பட்டது எனலாம். அவ்வாண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஹொலிவூட்டின் பெருந் தயாரிப்பு நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படத்தைத் தயாரிப்பவரே விநியோகத்தரும் அரங்கின் உரிமையாளருமாக விளங்கிய முறை இதன் விளைவாகக் குலைந்தது. அதேவேளை தொலைக்காட்சி குடும்பங்களை வீட்டினுள் அமர்த்தியது. பெரு நிறுவனங்கள் தாம் தயாரிக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. அரங்குகள் எஞ்சியிருந்தன, அவற்றில் ஓட்டுவதற்குப் படங்கள் போதவில்லை. இந்த இடைவெளியிலேதான் சிறு தயாரிப்பாளர் நுழைந்தனர்.

அவர்களுக்கு வாய்ப்பான அரங்குகளுள் முதன்மையானவை காரில் இருந்தவாறே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளாகும். நியூ ஜேர்சி மாநிலத்தின் கம்டன் நகரில் 1933இல் தோன்றிய இவ்வமைப்பு, 1950களின் இறுதியில் நாடெங்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களிற் பரவியிருந்தது. அங்கு வந்தோருள் இளைஞர் கணிசமானோர். போருக்குப் பிந்திய செழிப்பில் அவர்களிடம் காரும் இருந்தது. கையிற் காசும் இருந்தது. 1954இல் தொடங்கப்பட்டுப் பின்னர் அமெரிக்கன் இன்டர்நாஷனல் பிக்சர்ஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனம் இவ்விளைஞரையே இலக்காகக் கொண்டு, ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்கள் என்ற முறையில் மலிவான திகிற்படங்களை வழங்கியது.

படத்தின் செலவு குறைவாக இருந்தமையால் விளம்பரத்திற் புதுமை வேண்டப்பட்டது. வில்லியம் காசில் என்னும் தயாரிப்பாளர் 1958இல் வெளியிட்ட 'மக்காபர்' என்ற படத்தைப் பார்க்கும்போது எவரேனும் அச்சத்தால் இறப்பின் ஆயிரம் டொலர் வழங்கப்படும் எனக் காப்புறுதிப் பத்திரம் வழங்கினார். அடுத்த ஆண்டில் 'த டிங்லர்' படத்துக்காகச் சில இருக்கைகளின் கீழே அதிரும் பொறிகளைப் பொருத்தினார். இவை வெறும் வேடிக்கைகளாகத் தோன்றலாம். எனினும் திகிற்படம் என்பது திரையில் மாத்திரம் நிகழ்வதன்று. அரங்கில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவிலும் அது நிகழ்கின்றது என்பதைக் காசில் நன்குணர்ந்திருந்தார். ஒருவர் அலறினால் மற்றவரும் அலறுவர். அலறியபின் எல்லோரும் சிரிப்பர். அக்கூட்டு அனுபவத்துக்கே பார்வையாளர் காசு கொடுத்தனர்.

புகழ்பெற்ற நெறியாளரான அல்பிரட் ஹிட்ச்கொக் இப்பாடத்தைச் சிறு தயாரிப்பாளரிடமிருந்து கற்றுக்கொண்டார். 1960இல் வெளிவந்த 'சைக்கோ'வை அவர் தமது தொலைக்காட்சித் தொடரின் பணியாளரைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழ எட்டு இலட்சம் டொலர் செலவில் தயாரித்தார். படம் தொடங்கியபின் எவரையும் அரங்கினுள் அனுமதிக்கலாகாது என அரங்க உரிமையாளரைப் பணித்தார். நினைத்த வேளையில் வந்து நினைத்த வேளையில் எழுந்து செல்லும் வழக்கமுடைய அமெரிக்கப் பார்வையாளர் வரிசையில் நின்று, தொடக்கத்திலிருந்து பார்க்கப் பழகினர். மறுபுறத்தில், 1963இல் ஹெர்ஷல் கோர்டன் லூயிஸ் மயாமியில் எடுத்த 'பிளட் ஃபீஸ்ட்' இருபத்தையாயிரம் டொலருக்கும் குறைந்த செலவில் உருவானது. குருதியை வண்ணத்திற் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. பின்வந்த படங்கள் யாவும் இவ்விரு முனைகளுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நிற்கின்றன எனலாம்.

பிற்ஸ்பேர்க்கிலிருந்து டெக்சாஸ் வரை

1968 அக்டோபரில் பென்சில்வேனியாவின் பிற்ஸ்பேர்க் நகரில் 'நைட் ஒவ் த லிவிங் டெட்' என்னும் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதனை நெறிப்படுத்திய ஜோர்ஜ் ரொமேரோவும் அவரது நண்பரும் அந்நகரில் விளம்பரப் படங்களைத் தயாரித்து வந்தோர். ஹொலிவூட்டின் துணையின்றித் தாமும் தமக்கு அறிமுகமானோரும் இட்ட முதலைக்கொண்டு, ஏறத்தாழ 1,14,000 டொலரில் அவர்கள் அப்படத்தை முடித்தனர். கறுப்பு வெள்ளைப் படமாதலின் குருதிக்குப் பதிலாகச் சொக்கலேற் பாகு பயன்படுத்தப்பட்டது.

இறந்தோர் எழுந்து உயிருள்ளோரைத் தின்ன வருகின்றனர், பண்ணை வீடொன்றில் அடைபட்ட சிலர் தம்முட் பிணங்கி அழிகின்றனர், இதுவே கதை. அவர்களுள் அறிவும் துணிவும் கொண்டு இயங்குபவன் பென் என்னும் கறுப்பின இளைஞன். அப்பாத்திரத்தை ஏற்ற டுவேன் ஜோன்ஸ் தேர்வுக்கு வந்தோருட் சிறந்த நடிகராக விளங்கியமையாலேயே தெரிவுசெய்யப்பட்டார் என ரொமேரோ பின்னர் கூறினார். இரவு முழுவதும் உயிர்பிழைத்த பென், விடிந்தபின் காவற்படையுடன் வந்த துப்பாக்கிதாரிகளாற் பிணமெனக் கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகின்றான். அவனது உடல் கொக்கிகளால் இழுத்துச் செல்லப்படும் இறுதிக் காட்சிகள் பத்திரிகைப் புகைப்படங்களைப் போல அமைக்கப்பட்டிருந்தன. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட அதே ஆண்டில் அக்காட்சிகளைக் கண்ட அமெரிக்கர்க்கு அவற்றின் பொருளை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இப்படம் பற்றிய மிக முக்கியமான ஆரம்பப் பதிவுகளுள் ஒன்று, சிக்காகோ நகரின் பத்திரிகை விமர்சகரான ரொஜர் ஈபர்ட் 1969இன் தொடக்கத்தில் எழுதியதாகும். பிற்பகற் காட்சியொன்றில் சிறுவர்களோடு அமர்ந்து அவர் படத்தைப் பார்த்தார். வழக்கமான வேடிக்கைத் திகிலை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் படம் வளர வளர மௌனமாயினர், சிலர் அழுதனர். அமெரிக்காவில் வயதடிப்படையிலான தரப்படுத்தல் முறை 1968 நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. இப்படமோ அதற்கு முந்தியது. சிறுவர்க்குப் பொருந்தாத படத்திற்கு அவர்களை அனுமதித்த அரங்க உரிமையாளரையும் பெற்றோரையும் ஈபர்ட் சாடினார். கூட்டத்தின் நடுவில் இருந்து, படத்தையும் பார்த்து, பார்ப்போரையும் பார்த்து எழுதப்பட்ட கண்டனம் அது. பின்னர் பிரித்தானியாவில் எழுந்த கண்டனங்களோடு ஒப்பிடுவதற்காக இதனை மனங்கொள்ளுதல் நன்று.

இப்படத்தின் தயாரிப்பாளர் பெருஞ் செல்வராகவில்லை. விநியோகத்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயரோடு பொறிக்கப்பட்டிருந்த பதிப்புரிமைக் குறிப்பும் விடுபட்டுப்போயிற்று. அக்காலச் சட்டப்படி அக்குறிப்பின்றி வெளியான படம் பொதுச் சொத்தாகிவிடும். எவரும் உரிமைப் பணம் செலுத்தாமலே அதனைத் திரையிடவும், பின்னாளில் ஒளிநாடாவில் விற்கவும் முடிந்தது. படைத்தோர்க்கு நேர்ந்த இழப்பே படம் எங்கும் பரவுவதற்குக் காரணமாயிற்று என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1999இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

1973ஆம் ஆண்டின் கோடை வெப்பத்தில் டெக்சாஸ் மாநிலத்தில் டோப் ஹூப்பர் எடுத்த 'த டெக்சாஸ் செயின் சோ மசக்கர்' அடுத்த ஆண்டு வெளிவந்தது. பதினாறு மில்லிமீற்றர் படச்சுருளில் எடுத்துப் பின்னர் பெரிதாக்கப்பட்ட இப்படமும் பெரும் வசூலை ஈட்டியது. ஆயினும் நடிகரும் பணியாளரும் விநியோகத்தரிடமிருந்து பெற்ற பங்கு மிகச் சொற்பமே. நவீன இயந்திரத்தால் வேலையிழந்த இறைச்சித் தொழிலாளர் குடும்பமொன்று, வழிதவறி வந்த இளைஞரை வேட்டையாடுவதே இதன் கதை. இப்படத்திற் குருதி மிகக் குறைவாகவே காட்டப்படுகின்றது. ஆனால் அதனைப் பார்த்தவர் பலர் தாம் பெருங் குருதிப்பெருக்கைக் கண்டதாகவே நினைவுகூர்வர். ஒலியும் வெப்பமும் படத்தொகுப்பும் சேர்ந்து, காட்டப்படாததைக் கண்டதாக நம்பச் செய்கின்றன. 1975இற் பிரித்தானியத் தணிக்கைச் சபை இப்படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. பின்னர் அச்சபையின் தலைமைத் தணிக்கையாளர் சில பகுதிகளை நீக்கிப் பார்த்தபோதும் பயன் விளையவில்லை; அச்சம் தனிக் காட்சிகளில் தங்காது படமெங்கும் நிறைந்திருந்தமையே இதற்குக் காரணமாகும். கண்டது எது, கண்டதாக நம்பியது எது என்னும் இவ்வேறுபாடு பின்வரும் நிகழ்ச்சிகளிலும் தொடர்ந்து குறுக்கிடுவதைக் காணலாம்.

ஒரு வாய்பாட்டின் தோற்றம்

'ஸ்லாஷர்' என அழைக்கப்படும் தொடர்கொலைப் படவகை எப்படத்துடன் தொடங்குகின்றது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 'சைக்கோ'வையும், இத்தாலிய நெறியாளர் மரியோ பாவாவின் 1971ஆம் ஆண்டுப் படத்தையும், கனடாவில் 1974இல் எடுக்கப்பட்ட 'பிளாக் கிறிஸ்மஸ்'ஸையும் முன்னோடிகளாகக் கூறுவர். அதனை நிலைபெறச் செய்தது 1978இல் வெளிவந்த 'ஹலோவீன்' என்பதில் ஐயமில்லை. ஜோன் கார்ப்பென்டர் நெறிப்படுத்தி, டெப்ரா ஹில் தயாரித்து, இருவரும் சேர்ந்து எழுதிய இப்படம் ஏறத்தாழ மூன்று இலட்சம் டொலரில் இருபது நாட்களளவில் முடிக்கப்பட்டது. கொலைஞன் அணிந்த முகமூடி கடையில் இரண்டு டொலருக்கும் குறைவான விலைக்கு வாங்கப்பட்டது. தொலைக்காட்சித் தொடரொன்றின் கதாநாயகனது முகத்தைக் கொண்ட அதற்கு வெள்ளை பூசி, கண்துளைகளைப் பெரிதாக்கினர். வசந்த காலத்திற் படம் எடுக்கப்பட்டமையால் இலையுதிர்காலச் சருகுகள் தாளிற் செய்து வண்ணமிடப்பட்டன. காட்சி முடிந்ததும் அவற்றைப் பொறுக்கி அடுத்த தெருவிற் பரப்பினர். இசையையும் கார்ப்பென்டரே அமைத்தார். அமெரிக்காவில் மட்டும் நாலரைக் கோடி டொலருக்கும் மேலாக அப்படம் ஈட்டியது.

இவ்வெற்றியைக் கண்ட ஷோன் கன்னிங்ஹாம், கதை எழுதி முடியுமுன்னரே 1979இல் தொழிற் பத்திரிகையொன்றில் 'பிரைடே த தேர்ட்டீன்த்' என்ற பெயரை முழுப்பக்க விளம்பரமாக வெளியிட்டார். 1980இல் அப்படத்தைப் பரமவுண்ட் நிறுவனம் வாங்கி நாடெங்கும் ஒரே வேளையில் திரையிட்டது. ஒருகாலத்திற் சிறு தயாரிப்பாளருக்கு விடப்பட்டிருந்த களத்தில் பெரு நிறுவனம் கால்பதித்தமையே இங்கு முக்கியமானது. அதன்பின் விடுமுறை நாட்களையும் பாடசாலை விழாக்களையும் தலைப்பாகக் கொண்ட படங்கள் ஆண்டுதோறும் பெருகின. தனித்த இடம், இளைஞர் கூட்டம், முகம் மறைத்த கொலைஞன், ஒவ்வொருவராக வீழ்தல், இறுதியில் எஞ்சி எதிர்த்து நிற்கும் ஒரு பெண் என வாய்பாடு இறுகியது.

இப்படங்கள் மீது எழுந்த கண்டனங்களில் நியாயம் இல்லாமலில்லை. 1980இல் ஈபர்ட்டும் அவரது சக விமர்சகர் ஜீன் சிஸ்கலும் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றை முழுமையாக இதற்கே ஒதுக்கி, பெண்கள் வேட்டைப்பொருளாக்கப்படுவதையும், கொலைஞனின் கண்வழியே அவர்களைப் பார்க்குமாறு பார்வையாளர் நிறுத்தப்படுவதையும் கடுமையாக எதிர்த்தனர். பெண்விடுதலை இயக்கம் வலுப்பெற்ற காலத்தில் இப்படங்கள் பெருகியதை அவர்கள் தற்செயலானதாகக் கருதவில்லை. அதேவேளை அவர்கள் 'ஹலோவீ'னைச் சிறந்த படமெனப் பாராட்டவும் தயங்கவில்லை. ஒரே வாய்பாட்டுக்குள் ஒரு படத்தை ஏற்று மற்றொன்றை மறுக்க அவர்களால் இயன்றது. இரண்டையும் பார்த்திருந்தமையே அதற்குக் காரணம்.

பார்த்தோரின் உரையாடல்

இக்காலத்திற் பார்வையாளரும் வாளாவிருக்கவில்லை. 1958இல் தொடங்கிய 'ஃபேமஸ் மொன்ஸ்டர்ஸ் ஒவ் ஃபில்ம்லாண்ட்' என்னும் சஞ்சிகை, பழைய திகிற்படங்களின் ஒப்பனையையும் பொறிமுறையையும் சிறுவர்க்கு விளக்கியது. 1979இல் வெளிவரத் தொடங்கிய 'ஃபாங்கோரியா', குருதிக் காட்சிகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதைப் படங்களுடன் வெளியிட்டது. வியட்நாம் போரிற் புகைப்படப் பிடிப்பாளராகப் பணியாற்றியபின் ஒப்பனைக் கலைஞரான டொம் சவினி போன்றோர் நடிகரிலும் பார்க்கப் புகழ் பெற்றனர். நியூ யோர்க்கின் நாற்பத்திரண்டாம் வீதியில் இரவு பகலாக ஓடிய மலிவு அரங்குகளிற் படம் பார்த்தோர், தாமே தட்டச்சுச் செய்து படியெடுத்த சிறு ஏடுகளில் அவற்றைப் பற்றி எழுதினர். அத்தகைய ஏடொன்றை 1980இல் தொடங்கிய மைக்கல் வெல்டன், 1983இல் இவ்வகைப் படங்களுக்கெனக் கலைக்களஞ்சியம் ஒன்றையே வெளியிட்டார். திரையிற் கண்ட வெட்டுக்காயம் இறப்பராலும் சாயத்தாலும் ஆனது என்பதை எவரிலும் பார்க்க நன்கறிந்தோர் இவர்களே.

கல்வியுலகமும் படிப்படியாகக் கவனஞ் செலுத்தியது. 1979இல் ரொறன்ரோவில் விமர்சகர் ரொபின் வூட் இப்படங்களுக்கெனத் தனித் திரையீடு ஒன்றை ஒழுங்குசெய்து, சமூகம் அடக்கி வைத்தவையே அரக்க வடிவில் மீண்டு வருகின்றன என வாதிட்டார். 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கரோல் குளோவர் எழுதிய ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகும். வடபுலத்துப் பழங்கதை இலக்கியங்களை ஆராய்ந்து வந்த அவர், தொடர்கொலைப் படங்களில் வாய்மொழிக் கதைமரபின் இயல்புகளைக் கண்டார். மூலம் எதுவென்று கூறவியலாத வேறுபாடங்கள், நிலையான பாத்திரங்கள், கேட்போர் முன்கூட்டியே அறிந்த முடிவு என்பன இரண்டுக்கும் பொதுவானவை. வாய்மொழிப் பாடல்மரபில் வாய்பாடுகள் பெறும் இடத்தைப் பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி 1968இல் வெளியிட்ட ஆய்வின் வாயிலாக அறிந்தோர்க்கு இக்கருத்து அந்நியமானதன்று. 'இறுதிப் பெண்' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தவரும் குளோவரே. அரங்கை நிரப்பிய இளைஞர் தொடக்கத்திற் கொலைஞனோடு நின்றாலும், முடிவில் அவனை எதிர்க்கும் பெண்ணோடு தம்மை இனங்கண்டு ஆரவாரிக்கின்றனர் என அவர் காட்டினார். பெண்ணை வேட்டைப்பொருளாக்கும் குறையை இது நீக்கிவிடாது. எனினும் பார்வையாளர் கொலையை ரசிக்கும் கூட்டத்தவர் என்ற எளிய முடிவுக்கு இது இடந்தரவில்லை.

பிரித்தானியாவின் தீர்ப்பு

திரையரங்கில் நிகழ்ந்த கூட்டுப் பார்வை 1970களின் இறுதியில் வீட்டினுள் புகுந்தது. ஒளிநாடாக் கருவிகள் பிரித்தானியாவிற் பரவியபோது, திருட்டுப் பிரதிகளுக்கு அஞ்சிய பெரு நிறுவனங்கள் தம் படங்களை நாடாவில் வெளியிடத் தயங்கின. வெற்றுத் தட்டுக்களைச் சிறு விநியோகத்தர் மலிவாக வாங்கிய அமெரிக்க, இத்தாலியத் திகிற்படங்களால் நிரப்பினர். திரையரங்குப் படங்களுக்கு 1912 முதல் தணிக்கைச் சபை இருந்தது. நாடாக்களுக்கோ முன்தணிக்கை எதுவும் இருக்கவில்லை. 1982இல் 'த டிரில்லர் கில்லர்' என்ற படத்துக்கு வெளியான கோரமான விளம்பரம் முறைப்பாடுகளுக்கு வழிவகுத்தது. படத்தைப் பற்றிய பகை அதன் அட்டைப்படத்திலிருந்தே தொடங்கியமை கவனிக்கத்தக்கது.

அக்காலப் பிரித்தானியாவின் நிலையையும் நோக்குதல் வேண்டும். 1981இல் இலண்டனின் பிரிக்ஸ்டன் முதலாக லிவர்பூல் வரை நகர்ப்புறக் கலவரங்கள் வெடித்தன. 1982இல் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியது. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் விளக்கிய 'ஒழுக்கப் பீதி' என்னும் நிலைக்கு ஏற்ற சூழல் இதுவாகும்: அத்தகைய வேளைகளிற் சமூகம் தனது கலக்கத்துக்குரிய காரணத்தை ஓர் எளிய பகைப்பொருளில் ஏற்றிவிடுகின்றது. நாளிதழ்கள் இப்படங்களுக்கு 'வீடியோ நாஸ்டி' எனப் பெயரிட்டன. 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டத்தின் கீழ்ப் பொலிசார் கடைகளைச் சோதனையிட்டனர். அரச வழக்குத் தொடுநர் அலுவலகத்தின் பட்டியலில் காலத்துக்குக் காலம் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. அவற்றுள் 39 படங்களே நீதிமன்றிற் குற்றங்காணப்பட்டன. ஓர் ஊரின் ஜூரிகள் விடுவித்த படத்தை மற்றோர் ஊரின் ஜூரிகள் கண்டித்தனர். எந்த நாடாவை வைத்திருத்தல் குற்றம் என்பதைக் கடைக்காரர் நிச்சயமாக அறிய வழியிருக்கவில்லை. 1984இல் ஒரு விநியோகத்தர் சிறைத்தண்டனையும் பெற்றார்.

இயக்கத்தின் முன்னணியில் நின்ற மேரி வைட்ஹவுஸ் அம்மையார், படத்திலுள்ளதை அறிவதற்கு அதனைப் பார்க்கவேண்டியதில்லை என்னும் நிலைப்பாட்டை வெளிப்படையாகவே கொண்டிருந்தார். கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர் கிரஹாம் பிரைட் 1983இல் தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தபோது, பாராளுமன்ற உறுப்பினர்க்குப் பல படங்களிலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட கொடூரக் காட்சிகளின் தொகுப்பு ஒன்று காட்டப்பட்டது. கதை, பாத்திரம், முடிவு ஆகிய யாவும் நீக்கப்பட்ட அத்தொகுப்பு, உண்மையில் எந்தப் பார்வையாளனும் கடையில் எடுத்துப் பார்த்திராத ஒரு புதிய படமாகும். உறுப்பினர் பலர் தீர்ப்பளித்தது அப்படத்துக்கே.

பிள்ளைகள் பற்றிய கவலை மெய்யானது. அதனை எள்ளி ஒதுக்குதல் தகாது. வீட்டுக்குள் வந்த நாடாவைச் சிறுவர் பார்க்கக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால் அக்கவலைக்கு முன்வைக்கப்பட்ட சான்று எத்தகையது என்பதே வினா. பாராளுமன்றத்தின் பெயரைத் தாங்கியிருந்தும் அதன் அதிகாரபூர்வக் குழுவாக அமையாத விசாரணைக் குழுவொன்று, பிள்ளைகளுட் பெருந்தொகையினர் இப்படங்களைப் பார்த்துள்ளனர் என அறிவித்தது. பட்டியலொன்றைக் கொடுத்து, பார்த்த படங்களுக்கு அடையாளமிடுமாறு பிள்ளைகளிடம் கேட்டுப் பெறப்பட்ட முடிவு அது. இம்முறையைச் சோதிக்க விரும்பிய உளவியலாளர் கை கம்பர்பாட்ச், போல் பேட்ஸ் ஆகியோர், இல்லாத படங்களின் பெயர்களையும் சேர்த்துப் பதினொரு வயது மாணவரிடம் அத்தகைய பட்டியலைக் கொடுத்தனர். அம்மாணவருள் 68 வீதமானோர் இல்லாத படங்களையும் தாம் பார்த்ததாக அடையாளமிட்டனர். மார்ட்டின் பார்க்கர் 1984இல் தொகுத்த நூலில் இவ்வாய்வு இடம்பெற்றது. பெரியோர் பாராத படத்தைக் கண்டித்தனர். சிறுவர் பாராத படத்தைக் கண்டதாகக் கூறினர். சட்டம் இவ்விரண்டுக்கும் இடையிற் பிறந்தது.

தீர்ப்பின் பின்

1984ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுகள் சட்டம் நாடாக்கள் யாவற்றையும் தரப்படுத்தலுக்கு உட்படுத்தியது. தரப்படுத்தும் கட்டணத்தைத் தாங்கவியலாத சிறு விநியோகத்தர் பலர் களத்தைவிட்டு நீங்கினர். ஆரம்பத்தில் ஒதுங்கி நின்ற பெரு நிறுவனங்கள் அவ்விடத்தைக் கைப்பற்றின. தடைப் பட்டியலோ தேடற் பட்டியலாக மாறியது. படியின் படியாக மங்கிய நாடாக்கள் கைக்குக் கை மாறின. 1993இல் லிவர்பூலை அடுத்த இடத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இரு சிறுவராற் கொல்லப்பட்டபோது, ஒரு திகிற்படமே அதற்குத் தூண்டுகோல் எனப் பத்திரிகைகள் எழுதின. அச்சிறுவர் அப்படத்தைப் பார்த்தனர் என்பதற்குப் பொலிசார் சான்றெதனையும் காணவில்லை. ஆயினும் 1994இற் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

காலம் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தியது. 'த டெக்சாஸ் செயின் சோ மசக்கர்' 1999இலும், பட்டியலில் இடம்பெற்ற 'த ஈவில் டெட்' 2001இலும், வெஸ் கிரேவனின் 'த லாஸ்ட் ஹவுஸ் ஒன் த லெப்ட்' 2008இலும் பிரித்தானியாவில் வெட்டின்றி வயதுவந்தோர்க்கு அனுமதிக்கப்பட்டன. இறுதியாக 2009இல் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கு முறைப்படி அறிவிக்கப்படாமையால் 1984ஆம் ஆண்டுச் சட்டம் கால் நூற்றாண்டாக நடைமுறைப்படுத்தத் தகாததாகவே இருந்துவந்தது! 2010இன் தொடக்கத்தில் அதே சட்டம் மீண்டும் நிறைவேற்றப்பட்டது. முந்திய ஆபாச வழக்குகள் வேறு சட்டத்தின் கீழ் நடந்தவையாதலின் அவை இதனாற் பாதிக்கப்படவில்லை. எனினும், படங்களைப் பாராமலே சட்டம் இயற்றியோர், தாம் பின்பற்றவேண்டிய விதியையும் பாராமலே அதனை இயற்றினர் என்பது தெளிவாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து, இப்படங்கள் யாவும் சிறந்தவை என்றோ, சிறுவர்க்கு எதனையும் காட்டலாம் என்றோ முடிபு காணுதல் தவறாகும். பென்னின் மரணத்தில் ஒரு நாட்டின் குற்றத்தைக் காட்டிய படமும் இவற்றுள் உண்டு. பெண்ணின் உடலைக் கூறிட்டுக் காசாக்கிய படமும் உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கூறியவர் யாவரும் அரங்கின் இருளில் அமர்ந்து பார்த்தவரே: சிறுவரின் அழுகையைப் பதிவுசெய்த விமர்சகர், மலிவு அரங்கிலிருந்து ஏடு எழுதிய இளைஞர், பழங்கதை ஆராய்ந்த பேராசிரியை என அவர்கள் பலதரத்தினர். கண்டனமும் அவர்களிடமிருந்தே கூர்மையாக எழுந்தது. பாராதோரின் கண்டனம் எல்லாப் படத்தையும் ஒன்றாக்கியது. எளிய கடைக்காரனைக் குற்றவாளியாக்கியது. மெய்யான கவலையைப் பொய்யான புள்ளிவிபரத்தில் ஏற்றியது. எந்த நூலாயினும், எந்த நாடகமாயினும், எந்தத் திரைப்படமாயினும், அதனைத் தடைசெய்யக் கோருவோரிடம் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: நீர் அதனை முழுமையாகப் பார்த்தீரா?